பிளாஸ்டிக் மாதிரி விண்கப்பலுக்கு முதன்முதலாக லைட் போடப் போகிறவர்களுக்கு: எந்தக் கிட், எந்த வழி?

போன மாதம் மச்சான் ஒருவன் வெள்ளவத்தையிலிருந்து ஒரு படம் அனுப்பினான். ரீவிக்கு மேலே உள்ள ராக்கையில் அளவு நாடாவை விரித்துப் பிடித்திருக்கிறான். 82 சென்ரிமீற்றரில் அவன் பெருவிரல். கீழே ஒரே ஒரு வரி: "அத்தான், பெரிய எண்டர்பிரைஸ் இதில கொள்ளுமோ?"

கொள்ளாது, மயிரிழையில் தவறும். ஸ்டார் ட்ரெக் முதல் தொடரின் எண்டர்பிரைஸ் கதைப்படி 289 மீற்றர். 1/350 அளவில், அதாவது 350 மடங்கு சிறிதாக்கினால், அது 82 சென்ரிமீற்றரைத் தாண்டும் ஒரு கப்பல். ஆனால் ராக்கையில் கொள்ளுமா என்பது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. அவன் இதுவரை கிட் வாங்கி, அதாவது பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களைப் பொருத்தி, கட்டியது இரண்டு விமானமும் ஒரு டாங்கியும். ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயனைப் பிடித்தது பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நாள். இதே நிலையில் இருக்கிற வேறு சிலரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: லைட்டோடு வரும் கிட்டை வாங்குவதா, லைட் செட்டைத் தனியாக எடுப்பதா, புறக்கோட்டைக்குப் போய் எல்.ஈ.டி. வாங்கி நாமே கோர்ப்பதா? அவனுக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

சாதாரணக் கிட் என்றால் விலை, அளவு, பிடித்த கப்பல் என்று பார்த்து வாங்கலாம். லைட் என்று வந்துவிட்டால் நான் முதலில் பார்ப்பது வேறு: மூடிய பிறகு உள்ளே போக வழி இருக்கிறதா?

இதை நான் படித்த விதம் அவ்வளவு நல்லதில்லை. என் முதல் கப்பலில், முன்பக்கத்து வட்டத் தட்டின் இரண்டு பாதியையும் ஒட்டி, மூட்டுக்குப் புட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து, டெக்கலும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படங்கள்) போட்டாயிற்று. மூன்றாம் நாள் இரவு இடப்பக்க எஞ்சின் அணைந்துபோனது. தட்டினால் எரியும், விட்டால் அணையும். கடைசியில் இரும்பு அறுக்கிற வாள் அலகால் எஞ்சினின் அடிப்பக்கத்தை அறுத்துப் பார்த்தேன். ஒரு மூட்டில் ஈயம் வயரோடு சேர்ந்து பரவாமல், சாம்பல் நிறத்தில் மிளகு போல உருண்டு நின்றது. அதைத் திருத்த ஒரு நிமிடம் போதும். அறுத்த தழும்பை மறைக்க இரண்டு வாரம் போனது.

அடுத்தது துளைகளின் எண்ணிக்கை. ஒரு எஞ்சின் வாயில் எல்.ஈ.டி. வைப்பது ஒரு மாலை நேர வேலை. நூறு ஜன்னலைக் கையால் துளைப்பது வேறு. அறுபதாவது துளையில் கை நடுங்கும், எழுபதாவதில் வரிசை கோணும், அந்தக் கோணல் லைட் போட்டதும் கண்ணில் குத்தும்.

மூன்றாவது ஒளிக் கசிவு. கிட் பிளாஸ்டிக் பார்க்கத்தான் கெட்டி. இரவில் அறை லைட்டை அணைத்துவிட்டு, கைத்தொலைபேசி டோர்ச்சைக் கப்பலின் பாதி ஓட்டுக்குள் வைத்துப் பாருங்கள். முழு ஓடும் காகித வெசாக் கூடு மாதிரி ஒளிரும். அதைத் தடுக்க உள்ளே ஒரு பூச்சு கறுப்பு, அதன் மேல் ஒளி சிதற ஒரு பூச்சு வெள்ளை. ஒவ்வொரு மூட்டுக்கும் இதே கதைதான்.

பிறகுதான் காசு. கிட்டின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். என் முதல் கப்பலில் கிட்டுக்குக் கொடுத்ததைவிட மற்றவற்றுக்குக் கொடுத்தது கூட: அயன், ஈயம், குட்டி டிரில் அலகுகள், பிரைமர், உடைத்ததற்குப் பதிலாக வாங்கியவை. வெளிநாட்டிலிருந்து எடுத்தால் சுங்கத் தீர்வையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது சாமானின் விலைக்கு மட்டும் கணக்கிடப்படுவதில்லை, கொண்டுவரும் கூலியும் சேர்ந்த பெறுமதிக்கே போடுகிறார்கள். பெரிய பெட்டி என்றால் கூலியும் பெரிசு, அதன் மேல் தீர்வையும் பெரிசு.

## வழி 1: பெட்டிக்குள்ளேயே லைட் வரும் கிட்

இந்த வகையில் பேர்போனது ஜப்பானியக் கம்பனி பண்டாய். 2017 இல் வந்த அவர்களுடைய 1/72 மிலேனியம் ஃபால்கன் (ஸ்டார் வோர்ஸ் கப்பல்), பெர்ஃபெக்ட் கிரேட் என்ற உயர்தர வரிசையில் வந்தது, 48 சென்ரிமீற்றர் நீளம். அது எல்.ஈ.டி.யோடும் இருக்கிறது, எல்.ஈ.டி. இல்லாமல் விலை குறைந்த பெட்டியாகவும் இருக்கிறது. இரண்டு பெட்டியும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று அவசரப்பட்டால் லைட் இல்லாதது வந்து சேரும். 1/5000 ஸ்டார் டிஸ்ட்ராயரிலும் இதே பொறி. லைட்டோடு வந்தது முதல் தயாரிப்புத் தொகுதி மட்டும்தான், இன்று அது கைமாறி வரும் விலையே தனி.

இந்த வழியின் பெரிய பலம் லைட் இல்லை. பண்டாய் கிட்கள் பசை இல்லாமல் அழுத்திப் பூட்டுகிறவை. ஒரு எல்.ஈ.டி. ஏமாற்றினால் நகத்தாலோ மெல்லிய தகட்டாலோ கிளப்பித் திறந்துவிடலாம். மேலே நான் முதலாவதாகச் சொன்ன அளவுகோலில் இதற்குத்தான் முழுப் புள்ளி. சோல்டரிங் தேவையில்லை, ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடை) கணக்கும் தேவையில்லை.

குறை என்ன? லைட் அவர்கள் நினைத்த இடத்தில் மட்டும்தான் எரியும். நிறமும் வெளிச்சமும் அவர்கள் கொடுத்தது. நீங்கள் கட்டுவீர்கள், ஆனால் அடுத்த கப்பலுக்கு வேண்டிய வேலை எதுவும் கைக்கு வராது. ஒரே ஒரு கப்பல், அது வடிவாக எரிய வேண்டும், அதோடு போதும் என்கிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, மேசையில் சூடான அயன் வைக்க முடியாதவருக்கும் இதுதான்.

## வழி 2: கிட் ஒரு பக்கம், அதற்கென்றே செய்த லைட் செட் இன்னொரு பக்கம்

மச்சான் ஆசைப்பட்டது இது. போலார் லைட்ஸ் பெயரில் வரும் 1/350 எண்டர்பிரைஸுக்கு அதே கம்பனியே லைட் செட்டைத் தனியாக விற்கிறது. சிறிய 1/1000 க்கு வேறு சிறு தயாரிப்பாளர்கள் செய்கிறார்கள். வயர் பூட்டிய எல்.ஈ.டி., மினுக்கும் சுற்று, வரைபடம் எல்லாம் ஒரு பையில் வரும்.

படிக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். செட் உங்களுக்குக் கொடுப்பது மின்சாரப் பகுதியை மட்டும். கறுப்புப் பூச்சு, கசிவு அடைப்பு, வயர் போகும் பாதை, எல்.ஈ.டி.யை நிறுத்தும் தாங்கி, மூட்டுப் புட்டி எல்லாம் உங்கள் தலையில்தான். 1/350 இல் வட்டத் தட்டு மட்டும் 36 சென்ரிமீற்றர் விட்டம். அதன் உள்பக்கத்தைக் கறுப்படித்து, காயவைத்து, வெள்ளையடித்து, டோர்ச் வைத்துப் பார்த்து, கசிந்த இடத்தில் மறுபடியும் அடிக்க ஒரு தொடர்மாடி வீட்டில் எங்கே இடம் என்று முதலில் யோசியுங்கள். பல்கனியில் அடித்தால் மேல் மாடிக் கொடியிலிருந்து பஞ்சு வந்து ஒட்டும். அனுபவம்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு, இரண்டு பார்சல். கிட் ஒரு இடத்திலிருந்து, செட் இன்னொரு இடத்திலிருந்து. இரண்டு கூலி, இரண்டு தீர்வை. மத்திய தபால் பரிமாற்றகத்துக்கு இரண்டு முறை போய்வர வேண்டியும் வரலாம். ஒன்று வந்து மற்றது வராவிட்டால் வேலை நிற்கும். நான் ஒருமுறை ஒரு கடையிலிருந்து எடுத்த செட்டில் மினுக்கும் சுற்றே இல்லை. எழுதிக் கேட்டேன், மன்னிப்புக் கேட்டு அனுப்பினார்கள், இரண்டரை மாதம் போனது. அந்த இரண்டரை மாதமும் தட்டின் இரண்டு பாதியும் கட்டிலுக்குக் கீழே.

எப்போது இது சரி? சாதாரணக் கிட் நாலைந்து வடிவாகக் கட்டி, மூட்டு மறைக்கவும் பெயின்ட் அடிக்கவும் கை பழகியிருக்கிறது, மின்சாரம் மட்டும்தான் பயம் என்றால். அவர்களுக்கு 1/350 கூடச் சுகம், அதில் ஜன்னல்கள் தெளிவான பாகங்களாகவே வருவதால் துளைக்கிற வேலை மிச்சம். இடம் பெரிதாக இருப்பதும் வயர் ஓட்ட வசதி. ஆனால் முதல் லைட் கப்பலும் இதுதான், முதல் பெரிய கப்பலும் இதுதான் என்றால் வேண்டாம்.

## வழி 3: சாதாரணக் கிட், புறக்கோட்டை எல்.ஈ.டி.

பள்ளிக்கூடத்தில் இதற்கு 'ஒளிகாலும் இருவாயி' என்று படித்தோம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் உங்களை நிமிர்ந்து பார்ப்பார். எல்.ஈ.டி. என்று கேளுங்கள், 3 மில்லிமீற்றர், வெள்ளை, மஞ்சள் சாயலில். ரெசிஸ்டரும் அங்கேயே.

கணக்கு ஒன்றும் பெரிசில்லை. யூ.எஸ்.பி. தருவது 5 வோல்ற்று. வெள்ளை எல்.ஈ.டி. அதில் ஏறக்குறைய 3 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும், மீதி 2. அந்த 2 வோல்ற்றை 220 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால் 9 மில்லிஅம்பியர் ஓடும். சிவப்பு எடுப்பது 2 வோல்ற்று, மீதி 3, அதற்கு 330 ஓம். ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் ஒரு ரெசிஸ்டர். சரி, இதில் நான் முதலில் பிழைவிட்ட இடம் வெளிச்சம். 9 மில்லிஅம்பியரில் ஜன்னல்கள் கார் ஹெட்லைட் மாதிரி எரிந்தன, கப்பல் விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. இப்போது ஜன்னலுக்கு ஆயிரம் ஓம் போடுகிறேன். ஓடுவது 2 மில்லிஅம்பியர். அறை லைட் எரியும்போது மங்கல், அணைத்தால் அழகு. எஞ்சினுக்கு மட்டும் 220.

கொழும்பில் இந்த வழி மற்ற ஊர்களைவிடச் சுகம் என்று நினைக்கிறேன். மே மாதம் வெசாக் நெருங்கும்போது புறக்கோட்டை நடைபாதை முழுக்க லைட் சரம்தான். அதில் மெல்லிய செம்புக் கம்பியில் அரிசி அளவு எல்.ஈ.டி.கள் கோர்த்த சரம் ஒன்று வரும். கப்பலுக்கென்றே செய்ததுபோல இருக்கும், எந்த இடுக்கிலும் நுழையும். ஆனால் ஒன்று கவனம்: அதில் ரெசிஸ்டர் பட்டரிப் பெட்டிக்குள் இருக்கும். நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து நேரே 5 வோல்ற்றில் மாட்டினால் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்து, கொஞ்ச நேரத்தில் கதை முடியும். வெட்டிய துண்டுக்குப் புதிதாக ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும்.

மற்றச் சாமான்களுக்கும் இடம் இருக்கிறது. அரை மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றர் டிரில் அலகும் அதைக் கையால் திருப்புகிற பிடியும் பொற்கொல்லர் சாமான். செட்டியார் தெருப் பக்கம் நகை வேலைக் கருவி விற்கிற கடையில் கேளுங்கள். தலைமயிர் போன்ற எனாமல் பூசிய செம்புக் கம்பி, மோட்டார் சுற்றுகிற கடையில். பற்றவைக்கும் முன் நுனியில் எனாமலைச் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் பிடிக்காது. பிரைமர், கறுப்பு ஸ்பிரே பேணிகள் விமானத் தபாலில் வராது, அவற்றைப் பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகனப் பெயின்ட் கடையில்தான் எடுக்கிறேன். வாகன ஸ்பிரேயில் சில பிளாஸ்டிக்கைக் கரைக்கும். முதலில் பாகங்கள் பூட்டி வரும் சட்டத்துண்டில் அடித்துப் பாருங்கள்.

எந்தக் கப்பல் இதற்குத் தோது? ஜன்னல் குறைந்தது. 1/144 மிலேனியம் ஃபால்கனைச் சொல்வேன். 24 சென்ரிமீற்றர். அதன் அழகெல்லாம் பின்பக்கம் வளைந்து ஓடுகிற ஒரே ஒரு நீல எஞ்சின் கோடு. ஒரு எல்.ஈ.டி. பட்டியும் அதற்கு முன்னால் பால்நிறப் பிளாஸ்டிக் துண்டும் போதும். ஐஸ்கிரீம் பெட்டி மூடியை வெட்டியும் செய்திருக்கிறேன்.

இந்த வழியின் மறைந்த செலவு நேரம். சாமான் மலிவு, ஆனால் அதைத் தேடுகிற சனிக்கிழமைகள் போகும். சோல்டரிங் பழகும்வரை எல்.ஈ.டி.கள் கருகும். ஒரு கடையில் வெள்ளை என்று வாங்கியதும் அடுத்த வாரம் வாங்கியதும் ஒரே வெள்ளையாக இராது. ஒரு கப்பலுக்கு வேண்டியதை ஒரே பையில் வாங்கிவிடுங்கள்.

## வழி 4: ஒற்றை ஆள் போர்க்கலம்

எக்ஸ்-விங், வைப்பர் போன்றவை. ஜன்னலே இல்லை, எஞ்சினும் விமானி அறையும் மட்டும். கேட்டவுடன் இதுதான் முதல் கப்பலுக்குச் சரி என்று தோன்றும், கனபேர் அப்படித்தான் சொல்வார்கள். நான் அரை மனதோடுதான் ஒத்துக்கொள்வேன். 1/72 எக்ஸ்-விங் 17 சென்ரிமீற்றர், நாலு எஞ்சின். நாலு எல்.ஈ.டி.யும் எட்டு வயர் நுனியும் பென்சில் பருமனான உடலுக்குள் வர வேண்டும். இறக்கை திறந்து மூடும் கிட் என்றால் வயர் அந்த மூட்டைக் கடந்து போகும், பத்து முறை ஆட்டினால் உள்ளே அறுந்துவிடும். இறக்கையை ஒரே நிலையில் ஒட்டிவிடச் சம்மதம் என்றால் மட்டும் எடுங்கள். மற்றபடி காசும் குறைவு, இடமும் குறைவு, கெட்டுப்போனால் மனமும் குறைவாகத்தான் நோகும்.

## ஜன்னலுக்கு: வெறும் துளையா, ஒளிநாரா

வழி 2, 3 எடுப்பவர்கள் எல்லாரும் இந்தச் சந்தியில் நிற்பார்கள்.

வெறும் துளை என்றால் ஓட்டில் துளைத்து, உள்ளே முழுக்க வெளிச்சம் பரப்பி, துளையை வெள்ளைப் பசையால் நிரப்புவது. பசை காய்ந்ததும் கண்ணாடி போல நிற்கும். எல்.ஈ.டி. குறைவு, வேலை குறைவு. ஆனால் எல்.ஈ.டி.க்கு நேரே உள்ள ஜன்னல் பளிச்சென்றும் மூலையில் உள்ளது மங்கியும் தெரியும். எல்.ஈ.டி.யைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தால், அதாவது வெளிச்சம் வெள்ளைப் பூச்சில் பட்டுத் திரும்பினால், பாதிப் பிரச்சினை தீரும்.

ஒளிநார் என்றால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு பிளாஸ்டிக் இழை. மறுமுனைகளைக் கட்டாகக் கட்டி ஒரு எல்.ஈ.டி.யின் முன் நிறுத்துவது. கால் மில்லிமீற்றர், அரை மில்லிமீற்றர் என்று வருகிறது. தொலைவில் தெரியும் நகரம் போன்ற புள்ளி வெளிச்சம் வேண்டுமென்றால் இதற்கு நிகர் இல்லை. ஸ்டார் டிஸ்ட்ராயரை வேறு விதமாகச் செய்யவே மனம் வராது. நார் தேடிக் கிடைக்காவிட்டால் பூங்கொத்துப் போல விரிந்து நிறம் மாறும் மேசை விளக்கு ஒன்றை வாங்கிக் கழற்றுங்கள், உள்ளே இருப்பது அதேதான். சுப்பர் குளூவால் மட்டும் ஒட்டாதீர்கள். நார் உக்கி, வளைத்த இடத்தில் உடையும். அதன் ஆவி தெளிவான பாகங்களிலும் வெள்ளைப் படலமாகப் படியும். இங்கேயும் வெள்ளைப் பசைதான். நாரை வெளியே நீட்டி விட்டு, பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு நகவெட்டியால் ஓட்டோடு ஒட்ட நறுக்கலாம்.

அளவையும் யோசியுங்கள். 1/1000 இல் ஒரு மீற்றர் அகல ஜன்னல் ஒரு மில்லிமீற்றர். அதைவிடப் பெரிய துளை போட்டால் கப்பல் சிறுத்துவிடும். முதல் கப்பலில் ஜன்னலை டெக்கலாகவே விட்டுவிட்டு, எஞ்சினையும் சிவப்பு, பச்சை வழிகாட்டி லைட்டையும் மட்டும் எரிய வைப்பதில் ஒரு வெட்கமும் இல்லை. ஸ்டார் ட்ரெக் முதல் தொடரின் படப்பிடிப்புக்குச் செய்த 3.4 மீற்றர் எண்டர்பிரைஸே, தொடருக்கு முன் பரீட்சார்த்தமாக எடுத்த முதல் பைலட் படத்தின்போது லைட் இல்லாமல்தான் இருந்தது. பிறகுதான் துளைத்துச் சேர்த்தார்கள். அந்தக் கப்பல் இப்போது வாஷிங்டன் விமான விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இடப்பக்கம் வயர்கள் வெளியே வந்த பக்கம், அதனால் கமெரா பார்த்ததெல்லாம் வலப்பக்கம். காசு வாங்கி வேலை செய்தவர்களே ஒரு பக்கத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கப்பலும் சுவரோரம்தான் நிற்கப் போகிறது. சுவர்ப் பக்கம் ஒரு மூடியைக் காந்தத்தால் நிற்க வைத்து, வயரையும் அதற்குள்ளால் எடுத்தால் என் வாள் அலகு கதை உங்களுக்கு வராது.

## கரண்ட் எங்கிருந்து

| வழி | எப்போது நல்லது | எங்கே இடிக்கும் |
|---|---|---|
| பொத்தான் பட்டரி, 3 வோல்ற்று | போர்க்கலத்தில் ஒன்றிரண்டு எல்.ஈ.டி. | சேமிப்பு 220 மில்லிஅம்பியர்-மணி அளவுதான், கெதியாக மங்கும் |
| சதுர 9 வோல்ற்று பட்டரி | வயர் தெரியாமல் மேடைக்குள் ஒளிக்க | 500 மில்லிஅம்பியர்-மணி அளவு. 100 மில்லிஅம்பியர் இழுத்தால் ஐந்து மணித்தியாலம்கூட நிற்காது |
| யூ.எஸ்.பி. 5 வோல்ற்று | முதல் கப்பல் எதற்கும் | வெள்ளை எல்.ஈ.டி. இரண்டைத் தொடராகக் கோர்க்க முடியாது |
| 12 வோல்ற்று அடப்ரர் | நிறைய எல்.ஈ.டி. உள்ள பெரிய கப்பல் | ரெசிஸ்டர் பிழைத்தால் சேதம் பெரிது |

நான் யூ.எஸ்.பி. பக்கம். பழைய தொலைபேசி சார்ஜர் எல்லா வீட்டிலும் ஒன்று கிடக்கும். பட்டரி பெட்டியை கப்பலுக்குள் வைக்கவே வேண்டாம். கொழும்புக் கடற்காற்றில் மறந்துபோன பட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பவர் பேங்க்கில் ஒரு தந்திரம் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களில் எங்கள் ஹோலுக்கு என் எண்டர்பிரைஸ்தான் விளக்கு. பவர் பேங்க்கில் மாட்டினேன். அரை நிமிடம் எரிந்து அணைந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அணைந்தது. சுற்றில் பிழை என்று இருட்டில் கழற்றாத குறை. பிழை சுற்றில் இல்லை. கனக்கப் பவர் பேங்குகள் இழுக்கிற மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் தொலைபேசி நிறைந்துவிட்டது என்று நினைத்துத் தாமாகவே நிறுத்திவிடும். கப்பல் இழுத்தது 40 மில்லிஅம்பியர்தான். பக்கத்தில் ஒரு தொலைபேசியையும் சார்ஜுக்குப் போட்டதும் இரவு முழுக்க எரிந்தது.

ஈரக்காற்று பெயின்டுக்கும் எதிரி. மழை விட்ட கையோடு லக்கர் ஸ்பிரே அடித்தால் கறுப்பு மேல் பால் ஊற்றினது போல வெண்மை படரும். உள்ளே கறுப்படிக்கும் வேலையைக் காலை பத்து மணிக்குப் பிறகு, வெயில் காய்ந்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களை நம்பவே வேண்டாம்.

## யாருக்கு எது

ஒரே கப்பல், கையில் காசு இருக்கிறது, அயன் பிடிக்க விருப்பமில்லை: வழி 1. கட்டுவதில் கை தேறியவர், இடமும் இருக்கிறது: வழி 2, 1/350. இனிமேல் வரிசையாகக் கட்டப் போகிறேன் என்கிறவர்: வழி 3, ஃபால்கன் போல ஜன்னல் குறைந்த கப்பல். இவற்றுக்கு நடுவில் தத்தளிக்கிறவருக்கு வழி 4, இறக்கை அசையாமல்.

விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 இலிருந்து இலங்கையில் வாழ்ந்து, 2008 இல் கொழும்பிலேயே இறந்தவர். அந்த நன்றிக்காகவாவது அவருடைய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யில் வரும் டிஸ்கவரியைக் கட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் ஆசைதான். மோபியஸ் கம்பனியின் 1/144 டிஸ்கவரி ஒரு மீற்றரைத் தாண்டும், முதுகெலும்பு மாதிரி மெல்லிய நடுத்தண்டு. லைட் முன் உருண்டையில், கரண்ட் எங்கிருந்து வந்தாலும் வயர் அந்தத் தண்டின் வழியாகவோ தாங்கியின் வழியாகவோ போக வேண்டும். மூன்றாவது கப்பலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழி என்றாலும் ஒட்டுவதற்கு முன் ஒரு முழு நாள், இருபத்துநாலு மணித்தியாலம், எல்லா லைட்டையும் எரிய விடுங்கள். இடையில் வயர்களை மெதுவாக இழுத்தும் ஆட்டியும் பாருங்கள். கெடப்போகிற மூட்டு அநேகமாக அன்றைக்கே கெட்டுவிடும்.

மச்சான் கடைசியில் 1/350 ஐ விட்டுவிட்டு 1/144 ஃபால்கனுக்கு ஓடர் கொடுத்திருக்கிறான். பார்சல் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் ஒரு மாஜரின் பேணியைக் கறுப்படித்து, பன்னிரண்டு துளை போட்டு, மூன்று எல்.ஈ.டி. வைத்துப் பழகுகிறான். முதல் இரவே ரெசிஸ்டரை மறந்து இரண்டைக் கருக்கிவிட்டான். மூன்றாவது இன்னும் எரிகிறது. மூடி விளிம்பில் வெளிச்சம் கசிகிறது என்று நேற்று இன்னொரு படம் வந்தது, இந்த முறை அளவு நாடா இல்லாமல்.